நானாக வரவில்லை

கப்பல் பட்டறையிலிருந்து எங்களை அனுப்பிய நாளில் ஆப்பிள் மது விருந்து வைத்தார்கள். மேனேஜர் எங்கள் ஊர் வழக்கப்படி புட்டியைத் தலைக்கு மேல் தூக்கி, பாதியைத் தரையில் சிந்தி, மீதியை என் குவளையில் ஊற்றினான். "முன்கூட்டியே ஓய்வு, செகுந்தினோ! அனுபவி!" என்று தோளில் கைபோட்டான். ஓய்வுத் தாளில் கையெழுத்துப் போடாவிட்டால் ஒன்றுமே கிடைக்காது என்று காதோரம் சொன்னான். சிரித்துக்கொண்டே ஊற்றிக் கொடுப்பவனை நான் நம்புவதில்லை. ஆனாலும் போட்டேன்.

பென்ஷன் வர இன்னும் இரண்டு வருஷம். அதுவரை வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகை வந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நோயெலியா என்ற பெண் கேட்டாள்: "கம்பெனி அனுப்புச்சா, நீங்களா வேலையை விட்டு வந்தீங்களா?"

வரிசை முழுக்கப் பட்டறை ஆட்கள். வட ஸ்பெயினில், எங்கள் அஸ்தூரியாஸில், வேலையைவிட்டுத் துரத்தப்பட்டவன் என்றால் சோம்பேறி, குடிகாரன். மதுக்கடையில் தலைநிமிர முடியாது.

"என்னை எவனும் தள்ளலே. நானாத்தான் வந்தேன்."

பின்னால் நின்ற பட்டறை நண்பன் லாவுதெலினோ, "அப்படிச் சொல்லுடா!" என்று முதுகில் தட்டினான். அவனும் அதையேதான் சொன்னான்.

கம்பெனி அனுப்பிய தாளில் பட்டும் படாமலும் எழுதியிருந்தார்கள். அதனால் என் வாய்ச்சொல்தான் நின்றது. தானாக விலகியவருக்கு உதவித்தொகை கிடையாது என்று பதில் வந்தது.

"உன் மீசையைப் பீன்ஸோட போட்டு வேக வைக்கவா?" என்றாள் என் மனைவி எத்தெல்வினா. "போய் உள்ளதைச் சொல்லுய்யா."

போனேன். அதே வரிசை, அதே ஆட்கள். லாவுதெலினோவும் நின்றான். கேட்டதற்கு, சும்மா இந்தப் பக்கம் வந்தானாம்.

விஷயத்தைச் சொன்னதும் நோயெலியா குரலைத் தாழ்த்தினாள். "பக்கத்து ரூமுக்கு வாங்க ஐயா. அங்க சொல்லலாம்."

"வேண்டாம்மா. அன்னைக்குப் பொய்யை இங்கதானே சொன்னேன்? எழுதிக்கோ. என்னைத் துரத்திட்டாங்க. சாராயம் ஊத்திக் கொடுத்துத் துரத்தினாங்க. கையெழுத்துப் போடலேன்னா ஒண்ணும் தரமாட்டேன்னு மேனேஜர் சொன்னான்."

நோயெலியா கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டே கேட்டாள்:

"அவர் அப்படிச் சொன்னதுக்குச் சாட்சி இருக்கா?"

நான் திரும்பிப் பார்த்தேன். லாவுதெலினோ தன் தொப்பியைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"என்னை ஏன்டா பாக்கிறே?"

"விருந்துல நீதானே பக்கத்துல நின்னே?"

அவன் தரையைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். பிறகு இருமினான். "என்கிட்டயும் அதையேதான் சொன்னான், அந்தத் திருட்டுப்பய. என்னையும் துரத்தினதாவே எழுதும்மா."

இன்னும் இரண்டு பேர் வரிசையைவிட்டு முன்னால் வந்தார்கள்.

நோயெலியா அடித்து முடித்தாள். "மேல அனுப்பறேன். இது நிக்கும், ஐயா."

யார் சொன்னாலும் நான் அப்படியே நம்புவதில்லை. "அடிச்சதை வாசி."

மெதுவாக வாசித்தாள்.

"சத்தமா வாசிம்மா. கடைசியில நிக்கிறவனுக்கும் கேக்கட்டும்."