செவி அடைக்கும் அரசன்

மனைவி எழுதிய புத்தகம் அச்சாகி வந்து இரண்டு மாதமாக வீட்டில்தான் கிடந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ஊரார் கண்ணெல்லாம் அத்துப்படி. சொந்த வீட்டுப் புத்தகம் மட்டும் கண்ணில் படவில்லை. மந்திரக் காடும் ராட்சசர்களும் வரும் பெரிய கதையின் முதல் பாகமாம். நமக்கெதற்கு வம்பு என்று தள்ளிப்போட்டார். அவர் படித்து ஒரு வார்த்தை சொன்னால்தான் இரண்டாம் பாகத்தின் முடிவை எழுதுவேன் என்று அவள் பிடிவாதமாக நின்றதும், வேண்டாவெறுப்பாகக் கடைக்கு எடுத்துப்போனார்.

எடுத்தவர் கீழே வைக்கவில்லை. கதையில் ஓர் அரசன். அவனுக்கொரு சாபம்: எதைக் கேட்டாலும், பதில் வருவதற்குள் காது அடைத்துக்கொள்ளும். ராணியிடம் "பசிக்கிறதா?" என்பான், அவள் வாய் திறப்பதற்குள் குதிரையேறிப் போயிருப்பான். இவருக்குச் சிரித்துச் சிரித்து வயிறே வலித்தது. கிட்டப்பார்வை சோதிக்க வந்தவர்களிடம், எழுத்து அட்டைக்குப் பதில் அந்தப் பக்கத்தை நீட்டி வாசிக்கச் சொன்னார். குடும்பத்தை நன்கறிந்த பக்கத்துக் கடைக்காரர் தேவைக்கு அதிகமாகவே சிரித்தார்.

இரவுச் சாப்பாட்டுக்கு மைத்துனர் வந்திருந்தார். இவர் அரசனைப் போலவே குரலை ஏற்றி இறக்கி வாசித்துக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. மகள் தட்டைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"இப்படியொரு ஆளை எங்கேம்மா புடிச்சே?" என்று மனைவியைக் கேட்டுவிட்டு, கை கழுவ எழுந்து போனார்.

குழாயைத் திறக்கப்போன நேரத்தில் மகளின் குரல் காதில் விழுந்தது.

"பாத்தீங்களா மாமா, இப்பக்கூட எழுந்து போயிட்டாரு."

கை அப்படியே நின்றது. எத்தனை பேரிடம் தன் மானத்தைத் தானே வாசிக்கக் கொடுத்தோம் என்று நினைத்தபோது கூசிப்போனார். அதைவிட, இத்தனை வருடத்தில் மனைவி சொல்ல வந்து விழுங்கிய பதில்களில் ஒன்றுகூடத் தனக்குத் தெரியாது என்பதுதான் அவரைக் குறுக வைத்தது.

திரும்பி வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"அடுத்த பாகத்துல அவன் சாபம் தீருமா?"

இந்த முறை நகரவில்லை. அவள் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"தீரும். ஆனா அப்ப பதில் சொல்ல ராணி அங்க இருக்கமாட்டா."

"மாத்த முடியாதா?"

"அதுக்குத்தாங்க உங்களைப் படிக்கச் சொன்னேன்" என்றாள். "நீங்க சிரிச்சிட்டீங்க."