இரண்டு முறை ஆடிய தலைகள்

1

இந்தக் கதை ஒரு கொட்டாவியில் பிறந்தது. 2001இல், ராயபுரத்துப் பள்ளியொன்றின் பெற்றோர் கூட்டத்தில், கல்வி ஆராய்ச்சி முடிவு வாசிக்கப்படவிருந்தபோது வந்தது. கொட்டாவி என்னுடையது.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: "கடல் அன்று கருநீல—" வேண்டாம். அந்தப் பள்ளியிலிருந்து கடல் தெரியாது, கன்டெய்னர்தான் தெரியும்.

2

மேஜையில் வருகைப்பதிவேடு, பக்கத்தில் சிவப்புப் பேனா. எட்டாம் வகுப்பு அம்மு தினமும் காசிமேட்டில் அம்மா கோவிந்தம்மாவோடு மீன் ஏலத்தில் நின்றுவிட்டுத் தாமதமாக வருகிறாள். பெயரை அடித்துப் பள்ளியைவிட்டு நீக்குவதா? ஆய்வு சொல்கிறபடி செய்வதாகத் தலைமையாசிரியை ஹில்டா அறிவித்துவிட்டார். (இரண்டாவது வரைவில் அம்முவை அழவைத்துப் பார்த்தேன். அவள் ஒத்துழைக்கவில்லை.)

ஆய்வாளர் அருள்நாதன் (நான்கு வருட உழைப்பு, எண்பது பக்கம், ஒரு டை) செருமினார்.

"ஏலத்துக்குப் போகும் பிள்ளைகள் கணக்கில் பின்தங்குகிறார்கள்."

"இத்த கண்டுபுடிக்க நாலு வருசமா, நைனா?" என்றார் படகுக்காரர் தேசப்பன். "தூக்கமில்லாத புள்ளைக்கு கணக்கு எப்டி ஏறும்?"

கூட்டம் சிரித்தது. நானும் தலையாட்டினேன். ஹில்டாவின் பேனா அம்முவின் பெயர்மேல் பாதி ஓடியது.

"மேடம், ஒரு நிமிஷம்!" அருள்நாதனின் டை வியர்வையில் நனைந்திருந்தது. "அட்டவணையை மாத்திப் படிச்சிட்டேன். ஏலத்துக்குப் போறவங்கதான் கணக்குல முன்னாடி."

3

கூட்டம் அதிர்ந்தது என்று எழுத ஆசைதான். அதிரவில்லை.

"அதான பார்த்தேன்!" அதே தேசப்பன். "கூடை கூடையா வெல கூவற புள்ளைக்கு கணக்கு வராம இன்னா வரும்? இதுக்கு ஒரு ஆராய்ச்சி!"

மறுபடியும் தலையாட்டினேன். (நீங்களும்தான். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.)

கோவிந்தம்மா எழுந்தாள். "இன்னாண்ணா, எப்டி சொன்னாலும் உனுக்கு முன்னாடியே தெரிஞ்சிகீது. எம்பொண்ணு பேர அடிச்சாச்சா இல்லியா? அத்த சொல்லு."

ஹில்டா பாதிக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எதுக்கும் இன்னொரு வாட்டி பார்த்துச் சொல்லுங்க, சார்."

அருள்நாதன் பக்கங்களைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார்.

4

ஒரு முடிவு: முதலில் படித்ததே சரி என்கிறார்; கோடு முழுமையாகிறது. நம்பும்படி இருக்கிறது.

இன்னொன்று: இரண்டாவதுதான் சரி என்கிறார், பேனா மூடப்படுகிறது. இதுவும் நம்பும்படி இருக்கிறது. அதுதான் பயமாயிருக்கிறது.

பையோடு கதவருகே நிற்கும் அம்முவிடம் இதுவரை ஒருவரும் ஒரு கணக்குக்கூடக் கேட்கவில்லை. நானும்தான், எழுதிக்கொண்டிருந்தேன்.

பேனா திறந்தே கிடக்கிறது. எல்லாம் முன்பே தெரிந்தவர் நீங்கள். வந்து பிடியுங்கள்.