நடக்கிற பிள்ளைகளுக்கு மட்டும்

கல்யாண மண்டபத்துப் படியேறும்போது இசக்கிபாண்டி இடுப்பிலிருந்து நழுவி இறங்கப் பார்த்தான். "சும்மா கெடலே, ஆளுக பாக்குதாவ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவனை இறுக்கிப் பிடித்தாள் சுப்புத்தாய். எட்டு வயசுப் பிள்ளை என்ன லேசுப்பட்ட கனமா? புதூருக்கு அந்தாண்டை ஊர். இரண்டு பஸ் மாறி கோவில்பட்டி வந்து சேருவதற்குள் அவளுக்கு இடுப்பே கழன்றுவிட்டது. ஆனாலும் இறக்கிவிடவில்லை.

வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். தசை உருகுகிற நோயை ஆராய்கிறவர்கள், வைத்தியம் பார்க்கிற டாக்டர்கள், நோய் வந்த பிள்ளைகளின் வீட்டார், எல்லோரும் ஒரே இடத்தில் கூடிப் பேசுகிற கூட்டமாம். புது மருந்து ஒன்றைச் சோதிக்க ஆறு பிள்ளைகளை எடுக்கப்போகிறார்கள். "பையனோட நிலைமைய நேர்ல பாத்துதாம்மா எடுப்பாங்க" என்று போனில் சொல்லியிருந்தார்கள். சொன்னவர்கள் அத்தோடு விட்டார்கள். மீதியை இவளே முடிவுகட்டிக்கொண்டாள்.

அவளை மட்டும் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது? போன வருஷம் ஊனமுற்றோர் அட்டை முகாமுக்குப் போனபோது பயல் தத்தித் தத்தி நடந்து டாக்டர் முன்னால் போய் நின்றான். "நல்லாத்தானே நடக்கான், அடுத்த ஆள் வா" என்று அனுப்பிவிட்டார்கள். அதே முகாமில் குளத்தூர் பெத்தம்மாள் தன் மகனை முதுகில் சுமந்து போனாள். அட்டை கிடைத்தது, வண்டி கிடைத்தது, மாசாமாசம் உதவித்தொகையும் வருகிறது. கெட்டுக் கிடக்கிறவனுக்குத்தான் கொடுப்பார்கள் என்று சுப்புத்தாய் படித்துக்கொண்டது அங்கேதான்.

போன் வந்தது பங்குனித் திருவிழா சமயம். அன்றைக்குப் பயல் சொந்தக் காலால் நடந்து போய் ராட்டினம் ஏறினான். மறுநாளிலிருந்து அவள் அவனைத் தரையில் கால் ஊன்றவிடவில்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்தினாள். தான் வேலை பார்க்கிற தீப்பெட்டி ஆபீசுக்கும் தூக்கிக்கொண்டு போய் ஓரமாக உட்காரவைத்தாள். எழுந்தால் வாரியல் குச்சியால் கெண்டைக்காலில் ஒரு போடு. அந்தக் கெண்டைக்கால்தான் நோயால் வீங்கிப் புடைத்து, பந்தயத்தில் ஓடுகிறவன் கால் மாதிரி இருக்கும். அதைப் பார்த்து யாராவது "பயலுக்கு என்ன கொறை?" என்று கேட்டுவிட்டால் காரியம் கெட்டுவிடுமே என்று அவளுக்குப் பயம். பயல் முதலில் அழுதான். பிறகு அதை விளையாட்டாக்கிக்கொண்டான். "எம்மா, எப்பம் நடக்கலாம்?" என்று கேட்பான். "மருந்து தந்த பொறவு நடக்கலாம்லே. அதுவரைக்கும் நடி" என்பாள்.

மேடைப் பேச்செல்லாம் முடிந்தது. கீழே சாப்பாட்டுக் கூடத்தில் டாக்டர் உமாதேவி ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தரையில் நீளமாக மஞ்சள் டேப் ஒட்டி, ஓரத்தில் சத்தியபாமா என்கிற பிசியோதெரபிப் பெண் கையில் கடிகாரத்துடன் நின்றாள்.

"எந்திரிச்சு நிப்பியாப்பா?"

இசக்கிபாண்டி அம்மாவைப் பார்த்தான். அம்மா கண்ணை உருட்டினாள். மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

"நடக்கவே மாட்டான் டாக்டரம்மா. தூக்கிட்டுத்தான் திரியுதேன்" என்றாள் சுப்புத்தாய். சொல்லும்போது அவளுக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

டாக்டர் பேனாவை மூடினார். "அப்போ இதுல எடுக்க முடியாதும்மா. இருக்கிற நடை நின்னுபோகாம இந்த மருந்து காப்பாத்துதான்னு பாக்கிறோம். அதனால நடக்கிற பிள்ளைங்களுக்கு மட்டும்தான்."

சுப்புத்தாய் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நடப்பான்! அம்மா, நடப்பான்! பொய் சொல்லிட்டேன், பாவி. பாவப்பட்டுக் குடுப்பீயன்னு நெனச்சேன். பங்குனியில ராட்டினம் ஏறுனான் தாயி, ஊரே பாத்துச்சு!"

"பங்குனியிலயா? இப்ப ஆடி." டாக்டரின் முகம் மாறியது. "அதுக்கப்புறம்?"

"அதுக்கப்பொறம்... நான் விடல்ல."

"ஐயோ, என்ன காரியம்மா செஞ்சீங்க! இந்த நோயில உக்காரவெச்சா முட்டி மடங்கி இறுகிடும். நடை போச்சுன்னா போனதுதான், திரும்ப வராது." பக்கத்து மேஜைகளில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். டாக்டருக்கே சங்கடமாகப் போய்விட்டது. "சரி, இறக்கி விடுங்க. பாப்போம்" என்றார்.

டேப்பின் இந்த முனையில் அவனை இறக்கினாள். "எந்திலே. நடந்து காட்டு."

அவன் கையைத் தரையில் ஊன்றினான். பிறகு முட்டியில் ஊன்றினான். பாதி எழுந்தான். முட்டி தாங்கவில்லை, பொத்தென்று விழுந்தான். மறுபடியும் ஊன்றினான், மறுபடியும் விழுந்தான். கடிகாரத்தை அமுக்காமலே சத்தியபாமா கையை இறக்கிக்கொண்டாள்.

"ஏலே, அடிக்க மாட்டேன்லே! இனிமே நடிக்காண்டாம், நட!" என்று கத்தினாள் சுப்புத்தாய்.

அவன் வியர்த்த முகத்தோடு அவளை நிமிர்ந்து பார்த்தான். "எம்மா, நான் இப்பம் நடிக்கலம்மா."

சுப்புத்தாய் விறுவிறுவென்று டேப்பின் அடுத்த முனைக்குப் போனாள். அங்கே குத்தவைத்து உட்கார்ந்து, முதன்முதலாக நடை பழகுகிற கைக்குழந்தையைக் கூப்பிடுகிற மாதிரி கையைத் தட்டினாள். "வா... வா ராசா, அம்மாகிட்ட வா..." தட்டிக்கொண்டே இருந்தாள்.

அவன் உட்கார்ந்த வாக்கிலேயே, கையை ஊன்றி ஊன்றி, அந்த மஞ்சள் கோட்டை விட்டு விலகாமல் அவளை நோக்கி நகர்ந்து வரத் தொடங்கினான்.