மீனுக்குக் கேன் தண்ணீர்

பொதுமக்களுக்கும், பாலாற்றுக்கும், ஏனைய உயிரினங்களுக்கும் ஒரு மகத்தான செய்தி: நமது ஊர்க் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் மீன்கள் நலமாக இருக்கின்றன.

ஆம்பூருக்குப் பக்கத்தில், பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்ளக்கூடிய ஒரு சிற்றூரில், நிலையத்தின் பராமரிப்புக் குழுத் தலைவர் அரங்கநாதன் ஒட்டிய சுவரொட்டி இது. அதில் மீன் சின்னதாக இருந்தது. தலைவர் பெரிதாக இருந்தார்.

தோல் பதனிடும் டேனரிகளின் கழிவும் ஊர்ச் சாக்கடையும் அந்த நிலையத்துக்கு வந்து, சுத்தமாகி, பாலாற்றுக்குப் போகவேண்டும். சுத்தமானதற்குச் சாட்சியாக, வெளியேறும் குழாயருகே ஒரு கண்ணாடித் தொட்டி. குழாயில் வரும் தண்ணீரிலேயே அதில் மீன் நீந்தவேண்டும். மீன் பொய் சொல்லாது என்பது விதியை எழுதியவரின் நம்பிக்கை. அவர் அரங்கநாதனைப் பார்த்ததில்லை.

கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களுக்குக் காற்று கொடுக்கும் மோட்டாரை, கரண்டு பில் ஜாஸ்தி என்று தலைவர் நிறுத்திவைத்திருந்தார். அதிகாரி வரும் நாளில் மட்டும் அது கல்யாண மேளம் மாதிரி முழங்கும். தொட்டியில் ஊற்றுவதோ கடையில் வாங்கிய கேன் தண்ணீர். ஆய்வு முடிந்தால் தொட்டியை யாரும் கவனிப்பதில்லை; அடுத்த ஆய்வுக்குப் புது மீன். தண்ணீர் ஊற்றுவதும் உயிர்மீன் வாங்குவதும் ஆபரேட்டர் அதாவுல்லாவின் திருப்பணி.

"இன்னா பாய், மறுபடியும் மீனா? வீட்ல பூனை வளக்கிறீங்களா?" என்று கேட்பார் மீன் கடை சர்தார் பாஷா.

"இல்ல பாய். ஆத்தைக் காப்பாத்துறோம்."

அந்த ஆறு அதாவுல்லாவின் தெருவுக்குப் பின்னால்தான் ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்கு. வீட்டு போர்வெல்லில் தண்ணீர் டீ நிறத்தில் வரும். குடிக்க மட்டும் கேன். துணி துவைக்க, பாத்திரம் கழுவ போர் தண்ணீர்தான். அவர் மனைவி ஹலீமா பீயின் கைகளில் வெடிப்பு ஆறுவதே இல்லை.

அடுத்த ஆய்வு நாளன்று காலை ஊருக்குள் கேன் வண்டி வரவில்லை. அரங்கநாதன் பேஜாராகிப் போன் செய்தார்.

"அதாவு, உன் வீட்ல கேன் இருக்கா? தூக்கிட்டு வந்துடு. மேடம் வர்ற நேரம்."

இருந்தது ஒரே கேன். அதைத் தூக்கப்போனவரை ஹலீமா பீ மறித்தாள்.

"எங்க எடுத்துட்டுப் போறீங்க?"

"பிளான்ட்டுக்கு. மீனுக்கு ஊத்தணும்."

"மீனுக்கு கேன் தண்ணி. எனக்கு போர் தண்ணி." வெடித்த கைகளை நீட்டினாள். "மோட்டார் சுவிட்சு உங்க கைலதானே இருக்கு?"

"தலைவர் போடக்கூடாதுன்றாரு..."

"அவரு வீடு காட்பாடில. நம்ம வீடு இங்க."

அதாவுல்லா கேனைக் கீழே வைத்தார். வெறுங்கையோடு நிலையத்துக்குப் போனார். வெளியேறும் குழாயிலிருந்தே தொட்டிக்குத் தண்ணீர் பிடித்து, முன்தினமே வாங்கி அங்கே வைத்திருந்த புது மீன்களை அதில் விட்டார்.

அதிகாரி வந்தபோது மோட்டார் முழங்கிக்கொண்டிருந்தது. பாலாற்றின் தொன்மையைப் பற்றிப் பேசியபடியே தலைவர் தொட்டியை நோக்கிக் கையை நீட்டினார். மீன்கள் வயிறு மேலாக மிதந்தன.

"ரெஸ்ட் எடுக்குது மேடம்," என்றார் அரங்கநாதன்.

"செத்துப்போச்சு மேடம்," என்றார் அதாவுல்லா. "இத்தினி நாளா ஊத்துனது கேன் தண்ணி. இன்னிக்குத்தான் நம்ம தண்ணி. மீனை மாத்திக்கினே இருந்தா ஆறு சுத்தமாவாது. மோட்டாரை தினமும் ஓட்டணும். ஆத்துல நாம உடறதுதான் நம்ம வீட்டு போர்ல திரும்பி வருது."

அதிகாரி முகம் சுளித்தார். வெகுநேரம் யோசித்தார். "இனிமே இங்க ஒரு மீன்கூடச் சாகக் கூடாது" என்று கண்டிப்பாக உத்தரவிட்டுவிட்டுக் காரில் ஏறினார். கார் கேட்டைத் தாண்டியதும் தலைவர் மோட்டாரை நிறுத்தச் சொன்னார்.

மறுவாரம் புதுச் சுவரொட்டி வந்தது: 'நமது நிலையத்தில் மீன் இறப்பு முற்றிலுமாகத் தடுக்கப்பட்டுவிட்டது.'

தொட்டியை எடுத்துவிட்டார்கள்.