தரையில் ஓடிய ஆறு

தேசியக் கண்காட்சியில் பண்பாடு, தொழில்நுட்பம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே அறை. அதற்குள்ளேயே இயற்கையையும் காப்பாற்றிவிட வேண்டுமாம்! வடிவமைப்பாளர் பல்லைக் கடித்துக்கொண்டு, குப்பை சேர்வதற்கு முன்பிருந்த ஆற்றைப் புரொஜெக்டர் வெளிச்சமாகத் தரை முழுக்க ஓடவிட்டாள். கூடவே படகுக்காரர் பாட்டு. புரொஜெக்டர்களைப் பார்த்துக்கொண்டது அவளுடைய அண்ணி.

திறப்புவிழாவுக்கு முன்பு பார்வையிட வந்தார் கண்காட்சி இயக்குநர். எதற்கும் லேசில் தலையாட்டாத மனுஷன். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"தண்ணி நிறம் சரியில்லம்மா. பாட்டும் ஒட்டல."

அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் சுவரையே முறைத்துக்கொண்டு நின்றாள். குரல் மட்டும் குறை சொல்லிக்கொண்டே மெல்ல அறையின் நடுவுக்குப் போனது.

"மொத்தத்துல, இத ஆறுன்னு பச்சப்புள்ளகூட நம்பாது."

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வாயைத் திறப்பதற்குள் அண்ணி முழங்கையால் இடித்து, அங்கே பார் என்று கண்ணைக் காட்டினாள்.

அறை நடுவே, சொட்டு ஈரமில்லாத தரையில், கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு நின்றார் இயக்குநர். ஷூ இரண்டும் கையில் இருந்தன.

"மாத்திடலாம் சார்," என்றாள் அவள். "மொதல்ல நீங்க பத்திரமா கரையேறுங்க."