கொளஞ்சியம்மாள் முதுகில் மூன்றாவது ஒட்டு

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் என்னுடையதல்ல, கொளஞ்சியம்மாள் மரியாதைக்காகச் சொன்னது.

முதல் தொடக்கம்: கல்வராயன் மலையில் மேகம் தவழ்ந்த அந்தக் காலை… (வேண்டாம். மேகத்துக்கு இங்கே வேலை இல்லை.)

இரண்டாவது: 1987 செப்டம்பர். வடக்கனந்தல் பக்கம் ஒரு ஜவ்வரிசி மில்லுக்குத் தொட்டி கழுவும் புது மருந்து வரவிருந்தது. வெறுங்கையால் தொட்டால் தோல் தாங்குமா என்று பார்க்க, மருந்துக் கம்பெனி கள்ளக்குறிச்சி டாக்டர் ஒருவரை அனுப்பியது. அந்த மில்லில் மரவள்ளிக் கிழங்கு உரிக்கும் பத்துப் பேர், கொளஞ்சியம்மாளும் சேர்த்து, சம்மதித்து முதுகைக் கொடுத்தார்கள்.* ஆளுக்கு மூன்று ஒட்டு, அதாவது நனைத்த துணித்துண்டைப் பிளாஸ்திரியால் முதுகில் ஒட்டுவது. முதலாவதில் வெறும் தண்ணீர், அடுத்ததில் மருந்து, மூன்றாவதில் அதே மருந்து, காரம் ஜாஸ்தி. இரண்டு நாள் நனைக்கக் கூடாது, சொறியக் கூடாது.

*விஞ்ஞானத்துக்கு முதுகு கொடுத்த ஊர் எங்கள் ஊர். இதைத் திமிராகவே படிக்கவும்.

2

ஒட்டைப் பிரித்தபோது லேசான சிவப்புதான். மறுநாளும் பார்க்க வேண்டும் என்பது விதி. மறுநாளோ இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கவிருந்தது. அதனால் டாக்டர் அன்றே அவசரமாக வாயாலேயே கேட்டார்: "எரிச்சல் இருந்துச்சாம்மா?"

"இல்லீங்க."

பத்துப் பேரும் அதையே சொன்னார்கள். பெரிய மனுஷன் கேட்டால் எங்கள் பக்கம் அப்படித்தான். இருக்கிறது என்றால் அவரையே குறை சொன்னதாகிவிடும். படிவம் நிறைந்தது, டாக்டரோடு கள்ளக்குறிச்சி போனது. மறியல் முடிந்து சாலை திறந்ததும் மெட்ராஸ் போகும்.

3

மறுநாள் காலையில், அம்மா முதுகில் மூன்றாவது ஒட்டு இருந்த இடத்தைப் பார்த்து மகள் ராதிகா அலறினாள். "இன்னாம்மா இது, கொப்புளம் கொப்புளமா கீது! அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"அவ்ளோ தூரம் வந்து கேக்குறாரு. மனசு சங்கடப்படாதா?"

"நாளைக்கு அந்தத் தொட்டியில எறங்கப்போறது நானு."

கொளஞ்சியம்மாள் செருப்பைத் தேடினாள். பஸ் இல்லை. கள்ளக்குறிச்சிக்கு நடந்தால் பாதி நாள்.

4

சாலைக்குக் குறுக்கே வெட்டிப்போட்ட புளியமரம். அதன்மேல் தமிழரசன் என்ற இளைஞன். (முந்தைய வரைவில் இவனைத் தடியோடு நிறுத்தி, அவளைப் பயப்பட வைக்கப் பார்த்தேன். அவள் பயப்படவில்லை. தடியை அடித்துவிட்டேன்.)

"எங்க போய்க்கினு கீறீங்க? ரோடு அடைச்சிருக்கு."

"ஒண்ணு தப்பா எழுதிக்கினு பூட்டாங்க தம்பி. திருத்தணும்."

"இன்னான்னு?"

"எனக்கு வலிக்கலன்னு."

அவன் எழுந்தான். "நாங்களும் அதத் திருத்தத்தான் குந்திக்கினு கீறோம்," என்று மரத்தைத் தாண்டக் கை கொடுத்தான்.

5

முடிவு அ: டாக்டர் கண்கலங்கி… (அவரை எனக்கு அவ்வளவு பழக்கமில்லை.)

முடிவு ஆ: படிவம் போய்விட்டது. (எப்படிப் போகும்? மறியல்தான் அதை மேசையிலேயே பிடித்து வைத்திருந்தது.)

ஆகவே நடந்தது இவ்வளவே. டாக்டர் சொன்னார்: "பத்துப் பேரும் இல்லைன்னுதானேம்மா சொன்னீங்க?"

அவள் திரும்பி நின்று, ரவிக்கையின் மேலோரத்தை இறக்கினாள். நடந்துவந்த தூரம் முழுக்க அந்த முதுகு வளையவில்லை, இப்போதும் வளையவில்லை.

"வாயக் கேக்காதீங்க சார். முதுகப் பாருங்க."

டாக்டர் பேனாவைத் திறந்தார். மேற்கொண்டு எழுத எனக்கு உரிமை இல்லை. அவள் முதுகை அன்று பார்த்தவன் நானல்ல. இப்போது நீங்கள் பார்த்துவிட்டீர்கள். படிவம் இதோ.

மூன்றாவது ஒட்டு. எரிச்சல்: ____________

நிரப்புங்கள். மரியாதை பார்க்க வேண்டாம்.