பூஸ்ட் சென்சார் காட்டிய கோடு

அந்த மலையூரில் கார் ஒயரிங் வேலைக்கு அவரை விட்டால் வேறு ஆள் கிடையாது. ஆனால் அவர் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. 'ரெண்டுதடவை' கடை எது என்று கேட்டால்தான் கை நீட்டிக் காட்டுவார்கள். எந்தத் திருகை முடுக்கினாலும் இரண்டு தடவை முடுக்குவார். எந்த ஒயரைச் சொருகினாலும் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனவர், திரும்பி வந்து பூட்டை ஆட்டிவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். அதற்குள் அவர் மனைவி பக்கத்து வீட்டு வாசலில் நின்று ஊர்க்கதை பாதியைப் பேசி முடித்திருப்பாள்.

இதைத் தொழில் பக்தி என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். அத்தனையும் பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்குப் பட்டப்பகலிலேயே தெரியும். மனைவி கீழ் ஊருக்குப் பஸ்ஸில் போனால், "டிரைவர் கொட்டாவி விட்டானா பாரு" என்று போன் செய்வார். அவள் முதலில் பதில் சொல்லிப் பார்த்தாள், அப்புறம் கோபப்பட்டுப் பார்த்தாள். இப்போதெல்லாம் போனை எடுத்ததுமே, "என்னங்க, புலி வந்துருச்சா?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

இப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த மச்சினன் ஒரு வேகப் பைத்தியம். எஞ்சின் தானாக இழுக்கிற மூச்சு போதாது என்று, காற்றை அமுக்கி உள்ளே திணிக்கிற சூப்பர்சார்ஜர் வைத்த பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தான். அதுவும் பற்றாமல், அதைச் சுழற்றுகிற பெல்ட் சக்கரமான புல்லியைக் கழற்றிவிட்டுச் சின்னதாக ஒன்றை மாட்டினான். புல்லி சின்னதானால் சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுற்றும், காற்று இன்னும் இறுக்கமாக உள்ளே போகும். எவ்வளவு இறுக்கமாக என்று அவனுக்கும் தெரியாது, புல்லியை விற்றவனுக்கும் தெரியாது.

"எஞ்சின் வெடிச்சா என்னடா பண்ணுவ?"

"வெடிக்கட்டும் மாமா, அப்ப பாத்துக்கலாம்."

எஞ்சின் வெடித்துத் தொலையட்டும், அதைப் பற்றி ரெண்டுதடவைக்குக் கவலையில்லை. வாரா வாரம் அவர் மனைவி அம்மாவைப் பார்க்கக் கீழ் ஊருக்குப் போவது அந்தக் காரில்தான். பஸ்ஸை மறந்தேவிட்டாள். தம்பி ஓட்டுகிற வேகத்தில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு சிரித்தபடி போவாள். அவள் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுகிற வரைக்கும் இவர் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அதனால்தான் சென்சார் மாட்டுவதென்று தானாகவே முன்வந்தார். உள்ளே திணிக்கிற காற்றின் அழுத்தம், அதாவது பூஸ்ட், எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து பதிவு செய்து, அந்த எண்ணை மச்சினன் மூஞ்சிக்கு நேராக நீட்டிப் பழைய புல்லியையே மாட்ட வைத்துவிடுவது என்பது திட்டம். பதிவு செய்யும் பெட்டிக்குள் தனி சிம் கார்டு இருந்தது. கார் எங்கே போனாலும் அது அனுப்புகிற எண்கள் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு கோடாக ஓடும். நடுவில் பூஜ்யம், அதாவது வெளியே இருக்கிற சாதாரணக் காற்று. கோடு அதற்கு மேலே ஏறினால் சூப்பர்சார்ஜர் தள்ளுகிறது. கீழே இறங்கினால் எஞ்சின் உறிஞ்சுகிறது.

அன்று காலை வேலையை ஆரம்பித்தார். எஞ்சினிலிருந்து அழுத்தத்தை எடுக்க ஒரு குழாய் வேண்டும். கைக்கு எட்டுகிற இடத்தில் தடிமனாகப் போனது பிரேக் குழாய்தான். பிரேக் மிதிக்குப் பின்னால் ஒரு வட்ட டப்பா இருக்கிறது; எஞ்சினின் உறிஞ்சலை வாங்கி வைத்துக்கொண்டு, நாம் லேசாக மிதித்தாலும் பலமாகப் பிடிக்கும்படி கைகொடுப்பது அதுதான். எஞ்சினுக்கும் அந்த டப்பாவுக்கும் நடுவே போகிற குழாயை வெட்டி, 'T' எழுத்து வடிவில் மூன்று கால் உள்ள ஒரு பிளாஸ்டிக் டீயைச் சொருகி, டீயின் மூன்றாவது காலில் சென்சாரை மாட்டினார். டீயின் ஒரு பக்கம், குழாயை இறுக்கிப் பிடிக்கிற இரும்பு வளையக் கிளிப் போட்டு முடுக்கினார். மறுபக்கத்துக்கான கிளிப்பைக் கையில் எடுத்தபோது ஹாரன் அலறியது.

"மாமா, கல்யாண வேலையா பாக்குறீங்க? சாப்பாட்டு நேரத்துக்குள்ள போகலேன்னா அம்மா திட்டுவாங்க!"

மனைவி ஏற்கெனவே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். "இன்னொரு தடவை பாக்கணும்னு சொல்லுவாரு பாரேன்" என்று தம்பியிடம் சொல்லிச் சிரித்தாள்.

ரெண்டுதடவைக்குச் சுருக்கென்றது. தானும் எல்லாரையும் போல ஒரு சாதாரண மனிதன்தான் என்று ஒருநாளாவது காட்டிவிட நினைத்தார் போலும். இன்னொரு தடவை பார்க்காமலே பானட்டைச் சாத்தினார். அவசரத்தில் அண்டாவிலும் கை போகாது என்பது அவருக்குத் தெரியாத பழமொழியல்ல.

கார் போனதும் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தார். கோடு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, தரையில் விரித்த பாய் போலப் படுத்துக் கிடந்தது. பரவாயில்லை, பையன் அடக்கமாகத்தான் ஓட்டுகிறான் என்று ஒரு நிமிஷம் மனம் குளிர்ந்தார்.

கடைக்கு எதிரே தெரியும் மேட்டுச் சாலையிலிருந்து அந்தக் காரின் விசில் சத்தம் கேட்டது. சூப்பர்சார்ஜர் முழு மூச்சில் சுற்றினால்தான் அந்தச் சத்தம் வரும். சத்தம் ஏறியது, கோடு ஏறவில்லை.

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மேட்டைத் தாண்டியதும் இறக்கம். கோடு படுத்திருந்த இடத்திலிருந்து ஒரு படி மேலே வந்து, மறுபடி படுத்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு படி. அந்த இறக்கத்தின் வளைவுகள் அவருக்கு மனப்பாடம். தண்ணீர்த் தொட்டி வளைவு, ஒரு படி. சரிந்த பாறை வளைவு, இன்னொரு படி. அவன் வளைவில் பிரேக் மிதிக்கிற போதெல்லாம் கோடு எழுந்து உட்காருகிறது.

அப்போதுதான் விளங்கியது. பிரேக் குழாயில் ஒருவழி வால்வு ஒன்று இருக்கும். டப்பாவில் சேர்ந்த உறிஞ்சல் திரும்பி ஓடிவிடாமல் காவல் காக்கிற வால்வு. அவர் பார்த்த கார்களில் எல்லாம் அது டப்பாவின் வாயிலேயே இருந்தது. இந்தக் காரில் எஞ்சினுக்குப் பக்கத்தில், சூடு தாங்கச் சுற்றியிருந்த துணிக்குள்ளே மறைந்திருக்க வேண்டும். வால்வுக்கு எஞ்சின் பக்கம் மாட்டுவதாக நினைத்து டப்பா பக்கம் மாட்டியிருக்கிறார். சென்சார் அளப்பது எஞ்சினின் மூச்சை அல்ல, பிரேக்கின் மூச்சை.

தலையில் அடித்துக்கொண்டார். மச்சினன் ஒரு மாசத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். சிரித்துவிட்டுப் போகட்டும், சாயங்காலம் மாற்றிக்கொள்ளலாம் என்று முகத்தைத் துடைக்கச் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவினார்.

கூடவே ஏதோ விழுந்து, சிமெண்ட் தரையில் கிண்ணென்று சுழன்று நின்றது. இரண்டாவது கிளிப்.

டீயின் மறுபக்கத்தில் குழாய் சும்மா சொருகியபடி இருக்கிறது. எஞ்சின் சூட்டில் ரப்பர் இளகும், அதிர்வில் நகரும், நகர்ந்து நகர்ந்து கழன்றுவிடும். கழன்றால் பிரேக்குக்குக் கைகொடுக்கிற டப்பா வெறும் டப்பாவாகிவிடும். அதுவும் அந்த இறக்கத்தில். எந்தக் காருக்குப் பயந்தாரோ அந்தக் காருக்குள் எமனைத் தன் கையாலேயே சொருகி அனுப்பியிருக்கிறார். வேலியே பயிரை மேய்ந்த கதை.

மச்சினன் நம்பரை அழுத்தினார். மேஜைமேல், ஸ்க்ரூடிரைவருக்குப் பக்கத்திலேயே மணி அடித்தது. போனை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். மனைவிக்கு அடித்தார்.

"என்னங்க, புலி வந்துருச்சா?"

"வந்துருச்சு. வண்டிய நிறுத்தச் சொல்லு. இப்பவே."

"டேய், ஆரம்பிச்சுட்டாருடா." ஸ்பீக்கரில் போட்டாள். காற்றுச் சத்தத்தோடு மச்சினன் சிரிப்பும் கேட்டது.

"மாமா, பூஸ்ட் எவ்வளவு காட்டுது? பயந்துட்டீங்களா?"

"பூஸ்ட் இல்லடா, பிரேக்! குழாய்ல கிளிப் போடல. கழண்டுரும். நிறுத்துடா!"

"போன வாரம் சக்கரம் கழண்டுரும்னீங்க. அதுக்கு முன்ன ஸ்டியரிங்."

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். இத்தனை வருஷமாக வராத புலியையெல்லாம் கூவிக் கூவி விற்றவர், வந்த புலியை எப்படி நம்ப வைப்பது? திரையில் கோடு ஒரு படி எழுந்தது.

"இப்ப பிரேக் மிதிச்ச," என்றார். "விட்டுட்ட. மறுபடி மிதிச்ச. அழுத்தி மிதிக்கிற. இன்னும் விடல. இன்னும் விடல. இப்ப விட்ட."

சிரிப்பு நின்றது.

"எப்படி மாமா தெரியுது?"

"சென்சார தப்பா மாட்டிட்டேன்டா. பிரேக்குல மாட்டிட்டேன். தப்பு என்னோடது. கால்ல வேணாலும் விழறேன், நிறுத்திரு."

அவர் மனைவி இதுவரை அந்த வாயிலிருந்து கேட்டதெல்லாம் அடுத்தவன் செய்யப்போகும் தப்பைப் பற்றித்தான். தன் தப்பென்று அவர் சொல்லிக் கேட்டதேயில்லை. "தம்பி, நிறுத்துடா" என்றாள், வேறு குரலில்.

"அடுத்த வளைவு தாண்டி லாரி ஒதுங்குற இடம் இருக்கு மாமா, அங்க..."

கோடு சரசரவென்று ஏறிப் பூஜ்யத்தில் முட்டி நின்றது. இறங்கவில்லை. போனில் எஞ்சின் தானாகவே உறுமுவது கேட்டது. கழன்ற குழாய் வழியாகக் காற்றைக் குடிக்கிறது.

"மாமா! கல்லு மாதிரி இருக்கு! மிதிக்க முடியல!"

"பிரேக் இருக்குடா! உதவிதான் போச்சு. ரெண்டாம் கியர்ல போட்டு கிளட்ச்ச விடு. ரெண்டு காலையும் பிரேக்ல வை. எந்திரிச்சு நிக்கிற மாதிரி மிதி!" அவருடைய இரண்டு கால்களும் மேஜைக்கு அடியில் தரையை மிதித்தன. "ஏம்மா, நீ கைப்பிரேக்க இழு. ஒரேயடியா இழுக்காத, கொஞ்சம் கொஞ்சமா. ரெண்டு கையாலயும் இழு!"

இரண்டு கையாலும் இழுக்கச் சொன்னால் போனை எந்தக் கையில் பிடிப்பாள் என்று அவர் யோசிக்கவில்லை. ஏதோ மோதுகிற சத்தம். டயர் தேய்கிற சத்தம். அவள் "அய்யோ" என்றது எங்கிருந்தோ கேட்டது. போன் அடங்கிவிட்டது.

திரையில் கோடு பூஜ்யத்திலேயே ஓடியது. இத்தனை நேரம் அவன் பாதத்தின் அசைவைக்கூடச் சொன்ன கோடு, இப்போது வாயடைத்துப் போயிருந்தது. சிறிது நேரத்தில் அதுவும் நின்றது. சாவியை அணைத்தால் பெட்டிக்கு மின்சாரம் நிற்கும். கார் நொறுங்கினாலும் நிற்கும். இரண்டுக்கும் திரையில் ஒரே வெறுமைதான்.

மறுபடி மறுபடி அடித்தார். அணைத்து வைக்கப்பட்டுள்ளதாக ஒரு பெண்குரல் பொறுமையாகச் சொன்னது. வாய்விட்டு அவளைக் கூப்பிட்டார். புலி வந்துருச்சா என்று அவள் கேட்கிற தொனியை நினைத்துப் பார்த்தார். இனி அதைக் கேட்காமல் எப்படி இருப்பது என்று நினைத்தார். பயந்து பயந்து ஒத்திகை பார்த்ததெல்லாம் இந்த நேரத்துக்கு ஒரு துளியும் உதவவில்லை.

ஸ்கூட்டர் சாவியைப் பொறுக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். ஷட்டரில் கை வைத்தவர், பழக்க தோஷத்தில் திரும்பி, இன்னொரு தடவை திரையைப் பார்த்தார்.

கோடு வந்திருந்தது.

பூஜ்யத்தில் சற்றுத் தடுமாறியது, பிறகு மெல்லக் கீழே இறங்கிப் படுத்தது. எஞ்சின் ஓடுகிறது. யாரோ குழாயைத் திரும்பச் சொருகியிருக்கிறார்கள். யாரோ என்றால், கை கால் அசைகிற யாரோ. ஒருவரா, இருவருமா? அதைக் கோடு சொல்லவில்லை. அவர் ஷட்டரிலிருந்து கையை எடுத்தார்.

ஒரு படி எழுந்து படுத்தது. உடனே இன்னொரு படி. அப்புறம் அமைதி.

மச்சினனுக்கு இப்படியெல்லாம் யோசிக்க வராது. கார் ஓட்டவே தெரியாத ஒருத்தி, போன் உடைந்துபோன ஒருத்தி, தம்பியை நகரச் சொல்லிவிட்டு ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, இந்நேரம் தன் புருஷன் கோட்டுக்கு முன்னால் செத்துப் பிழைத்துக்கொண்டிருப்பார் என்று தெரிந்து மிதிக்கிற மிதி அது. ஒரு தடவை மிதித்தால் அந்த மனிதர் நம்பமாட்டார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அப்படியும் அவர் நம்பவில்லை. திரைக்குப் பக்கத்தில் போய், விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மறுபடியும் ஒரு படி, இன்னொரு படி. அதையும் பார்த்து முடித்த பிறகுதான் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.